எதிர்த்தரப்புச் சாட்சி மாசிலாமணி

திங்கட்கிழமை காலை மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் எங்கள் வழக்கு இரண்டாவதாகக் கூப்பிடப்பட்டது. நான் எழுந்தேன். என் பின்னால் கட்சிக்காரர் அங்கமுத்து மேஸ்திரி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முனிசிபாலிட்டி தரப்பு வக்கீல் வாய்தா கேட்டார். எதற்கு என்று மாஜிஸ்டிரேட் கேட்க, சாட்சி வரவில்லை என்றார். நான் உடனே ஆட்சேபித்தேன். அவர்கள் சாட்சி வராததற்கு என் கட்சிக்காரர் ஏன் மறுபடி வேலையை விட்டு வரவேண்டும் என்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த வக்கீல் என் பக்கம் குனிந்து, மாசிலாமணி நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகச் சொன்னார்.

நான் ஆட்சேபணையை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். எதையோ எழுதப்போன பர்மிய மாஜிஸ்டிரேட் காதிலும் அது விழுந்து, பேனாவைக் கீழே வைத்தார். பிறகு வழக்கைத் தள்ளிவைத்தார். மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். சொன்னேன். கட்டியிருந்த கைகளை அவர் கீழே விட்டார்.

"போன வாரங்கூட வந்து மாடி பூராவும் பாத்துட்டுப் போனாருங்களே" என்றார்.

ரங்கூனில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்த மாசிலாமணியைப் பற்றி எழுத என்னைவிட உரிமை உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். அவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கிறிஸ்தவக் கோவிலில் உட்கார்ந்தவர்கள், அவர் தலையிட்டதால் தண்ணீர்க் குழாய் கிடைத்த தெருக்காரர்கள். நான் அவரை அறிந்தது சாட்சிக்கூண்டில். அவர் நோட்டீஸ் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் நான் வக்கீல். அவர் சொல்வதைப் பொய்யாக்குவது, முடியாவிட்டால் சந்தேகமாக்குவது, அதுவும் முடியாவிட்டால் அபராதத்தைக் குறைப்பது என் தொழில். ஆனாலும் ஒரு மனிதரை வருஷக்கணக்காகக் குறுக்கு விசாரணை செய்தவனுக்கு அவரைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்திருக்கும். அவருடைய நண்பர்களுக்குத் தெரியாதவையும் அதில் உண்டு. அதனால் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்தவர். சென்னையில் சுகாதாரப் பரீட்சை தேறி, கூலி ஆட்கள் வரும் கப்பலில் மேல்தட்டில் படுத்து இங்கே வந்தவர். ஒல்லியான உடம்பு. காக்கிக் கோட்டு, வெயில் தொப்பி. கோட்டுப் பையில் அளக்கும் நாடா ஒன்று எப்போதும் இருக்கும். கையில் ஒரு பிரம்பு. அதைக்கொண்டு யாரையும் அடித்ததில்லை, வீடுகளில் தண்ணீர் சேர்த்துவைக்கும் த்வாண்டே ஜாடிகளின் மூடியைத் தூக்கித் தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அது. முதல் வழக்கில் நான், பெயரே மாசிலாமணி என்று இருக்கும்போது ஊரெல்லாம் அழுக்காகத் தெரிவது இயல்புதானே என்று கேட்டேன். கோர்ட்டில் தமிழ் தெரிந்த நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கேள்வி முடிந்துவிட்டதா என்று மாஜிஸ்டிரேட்டைப் பார்த்தார். அதற்கப்புறம் அவரிடம் நான் வேடிக்கைக் கேள்வி கேட்டதில்லை. பயன் இல்லாததை இரண்டாம் முறை செய்வதில்லை.

ரொட்டிக்கடை வழக்கு உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். என் கட்சிக்காரர் ஒருவர் நடத்திய ரொட்டிப் பட்டறையில், மாவு பிசையும் மேஜையிலேயே வேலைக்காரர்கள் பகலில் படுத்துத் தூங்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மேஜை தினமும் கழுவப்படுகிறது, இது வெறும் கெடுபிடி என்று நான் வாதாடினேன். இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஏதாவது ரொட்டியைச் சோதித்தாரா, அதில் கெடுதல் கண்டாரா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் அந்த ரொட்டி தின்னத் தகாதது என்று எப்படிச் சொல்கிறார் என்றேன். தான் அப்படிச் சொல்லவில்லை என்றும், உரிமையாளரிடம் ஒரே ஒரு விஷயம் விசாரித்ததாகவும் அதை அறிக்கையில் எழுதியிருப்பதாகவும் சொன்னார். என்ன விசாரித்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உங்க வீட்டுக்கு ரொட்டி எங்கிருந்து போகுதுன்னு கேட்டேன். வேற கடையிலிருந்துன்னு சொன்னார்."

மாஜிஸ்டிரேட் அபராதம் போட்டார். வெளியே வந்ததும் என் கட்சிக்காரர், அவன் சும்மா குசலம் விசாரிக்கிறான் என்று நினைத்தேனே என்று புலம்பினார்.

இனி லத்தா பேட்டை வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இருவருக்கும் இடையில் நடந்ததில் அதுவே முக்கியமானது.

அங்கமுத்து மேஸ்திரி இராமநாதபுரத்துக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆட்களைத் தம் ஊர்ப் பக்கமிருந்து வரவழைப்பவர். லத்தாவில் சீனர் கடைகளுக்கு நடுவே மூன்று மாடி வீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து அவர்களைத் தங்கவைத்திருந்தார். இந்த மாதிரி வீடுகளுக்கு லைசென்ஸ் உண்டு. ஓர் அறையில் எத்தனை பேர் தூங்கலாம் என்று கதவிலேயே எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கையை யாரும் மதித்ததில்லை. கப்பல் வந்துகொண்டே இருந்தது, ஆட்களும் வந்துகொண்டே இருந்தார்கள், வீடுகள் மட்டும் அப்படியே இருந்தன. பகல் வேலைக்காரன் எழுந்த பாயில் இரவு வேலைக்காரன் படுப்பான். கேட்டால் அதிகப்படியானவர்கள் விருந்தாளிகள் என்று சொல்வோம். அந்த வாதத்தை இந்த ஊரில் முதலில் கொண்டுவந்தவன் நான் இல்லை, ஆனால் நன்றாக நடத்தியவன் நான்தான்.

ஒரு மழைக்காலத்தில் அந்த வாதம் பலிக்கவில்லை. மாசிலாமணி அறைகளை அளந்து, சுவரில் தொங்கும் மூட்டைகளையும் அடுக்கியிருந்த தட்டுகளையும் கணக்கெடுத்து, விருந்துக்கு வந்தவர்கள் தட்டோடும் பாயோடும் வருவதில்லை என்று சொன்னார். அதிகப்படி ஆட்களை வெளியேற்ற உத்தரவாயிற்று. மேஸ்திரி என் ஆபீசுக்கு வந்தார்.

"வக்கீலய்யா, இந்த மழைல அவனுகளை எங்கிட்டு அனுப்புறது? ஊருக்கா திருப்பி அனுப்ப முடியும்?"

மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதுவரை உத்தரவு நிற்காது என்றேன். மேஸ்திரி உத்தரவை அப்படியே நிறைவேற்றினார். கடைசியாக வந்தவர்களை வெளியே அனுப்பினார். அவர்கள் அதே தெருவின் முனையில், மொகிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்கும் டோ செயின் என்ற பர்மியப் பெண்ணின் கடைக் கூரைக்கடியில் படுத்தார்கள். காலையில் அங்கிருந்தே துறைமுகத்துக்குப் போனார்கள். மழை விடவில்லை. அவர்களில் சின்னக்கண்ணு என்பவனுக்கு மார்ச்சளி கண்டு ஜுரமாயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு இரண்டு நாள்தான் இருந்தான். முப்பது வயதுகூட ஆகாதவன், திருவாடானைப் பக்கம். நான் அவனைப் பார்த்ததில்லை.

அடுத்த வழக்கு வேறொரு வீட்டைப் பற்றியது. அங்கேயும் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சாட்சிக்கூண்டில் மாசிலாமணி. எனக்கு ஒரு கேள்விதான் தேவைப்பட்டது. லத்தா வீட்டிலிருந்து வெளியேற்றிய ஆட்கள் எங்கே போனார்கள் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று டோ செயின் கடையைச் சொன்னார். அவர்களில் ஒருவன் இறந்தது தெரியுமா என்றேன். தெரியும், அடக்கத்துக்குப் போயிருந்தேன் என்றார். அது எனக்குப் புதிய செய்தி. ஆனாலும் நிறுத்தவில்லை. அவன் சாவுக்குக் காரணம் உங்கள் அறிக்கை என்று நான் சொன்னால் மறுப்பீர்களா என்று கேட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். இந்தக் கேள்விக்குச் சாட்சி பதில் சொல்லத் தேவையில்லை என்று மாஜிஸ்டிரேட்டும் சொல்லிவிட்டார். மாசிலாமணி இரண்டு கைகளையும் கூண்டின் கட்டைமேல் வைத்திருந்தார்.

"மறுக்கலை. அந்த வீட்டுக்குள்ளே இருந்திருந்தா வேற வியாதியில அவன் செத்திருக்கலாம், சாகாமலும் இருந்திருக்கலாம். வெளியே போனது என் அறிக்கையாலே. மழைன்னு எனக்குத் தெரியும். எங்கே போவாங்கன்னு நான் கேக்கலை."

அந்த வழக்கில் எனக்கு ஜெயம். வெளியேற்றும் உத்தரவு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. அவருடைய ஆபீசில் அந்தப் பதிலை யாரும் ரசிக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் செய்தது சரியா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். அது கேட்கவேண்டிய கேள்வி. அதே நிலைமையில் மறுபடியும் கேட்பேன். ஆனால் அதற்கு அப்படி ஒரு பதிலை வேறு எந்தச் சாட்சியிடமிருந்தும் எதிர்பார்க்க மாட்டேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை பகலில் மாசிலாமணி என் வீட்டுக்கு வந்தார். அதுவரை நாங்கள் கோர்ட்டுக்கு வெளியே ஒரு வார்த்தை பேசியதில்லை. காக்கிக் கோட்டு இல்லாமல், வேஷ்டியும் சட்டையுமாக வாசலில் நின்றவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னேன். காப்பி வந்தது. குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். லத்தா வீட்டு ஆட்கள் இன்னும் தெருவில்தான் படுக்கிறார்கள். கூரை உள்ள காலி இடம் ஒன்று வேண்டும். என் கட்சிக்காரர்களில் யாரிடமாவது இருக்குமா?

என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"இந்த ஊர்ல இடம் வச்சிருக்கிறவங்களை எல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அவங்க கக்கூஸ்தான் தெரியும்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் பார்த்து அவர் சிரித்தது அதுவே முதல் தடவை.

பசுண்டானில் மரவாடி வைத்திருந்த காசிம் மரைக்காயர் என் பழைய கட்சிக்காரர். காயல்பட்டினத்துக்காரர், தாராள மனசு, வாய் கொஞ்சம் அதிகம். மரம் வராத மாதங்களில் அவருடைய கொட்டகை ஒன்று காலியாகக் கிடக்கும். இருவரும் டிராம் ஏறிப் போனோம். நான் ஓர் இன்ஸ்பெக்டரோடு வருவதைப் பார்த்ததும் மரைக்காயர் கணக்குப்பிள்ளையை உள்ளே போகச் சொல்லிவிட்டார். விஷயத்தைக் கேட்டபிறகுதான் முகம் தெளிந்தது. மாசிலாமணி கொட்டகைக்குள் போய் நாடாவை விரித்து அளந்தார். தரை உயர்ந்திருக்கிறது, ஒழுக்கு இல்லை, காற்று வரும் என்றார். வாடகையைப் பற்றி மரைக்காயர் பேசவே இல்லை.

"மழை விடற வரைக்கும் கெடக்கட்டும் வக்கீல் சாப். அவனுவளும் நம்ம பக்கத்துப் பயலுவதானே."

அன்று சாயங்காலமே ஆட்கள் அங்கே வந்துவிட்டார்கள். ஒரு கக்கூஸ் கட்டிக்கொடுக்கவேண்டும் என்று புறப்படும்போது மாசிலாமணி மரைக்காயரிடம் சொன்னார். அவரும் ஆகட்டும் என்றார். எல்லாரும் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

ஒரு மாதம் கழிந்தது. மரைக்காயர் ஒரு நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு என் ஆபீசுக்குள் வந்தார். கொட்டகையில் ஆட்களைத் தங்கவைத்துக் கக்கூஸ் கட்டாததற்காக அவர்மேல் வழக்கு. கீழே மாசிலாமணியின் கையெழுத்து. மரைக்காயர் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. எனக்கும் கோபம்தான். நான் கேட்டதற்காக இடம் கொடுத்த மனிதர்மேல் வழக்கா என்று, கோர்ட்டுக்கு வெளியே மாசிலாமணியை நிறுத்திக் கேட்டேன். அவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார்.

"இடம் கொடுத்தாரு, அதுக்கு நான் நேர்ல போய் நன்றி சொல்லியாச்சு. கக்கூஸ் கட்டலை, அதுக்கு நோட்டீஸ். அங்கே படுக்கிறவங்களுக்கு இரண்டும் வேணும் ஐயா."

நான் உள்ளே போய் என்னால் முடிந்த மட்டும் வாதாடினேன். தர்மத்துக்குக் கொடுத்த இடம் என்றேன். அபராதம் மிகக் குறைவாகவே விழுந்தது. மரைக்காயர் அந்த வாரத்திலேயே கக்கூஸ் கட்டினார், அதுவும் தேக்கு மரத்தில். ரங்கூனிலேயே சிறந்த கக்கூஸ் அதுதான் என்று அப்புறம் அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மழை நின்ற பிறகும் ஆட்களைப் போகச் சொல்லவில்லை. அங்கமுத்து மேஸ்திரி வாடகை பேசி அந்தக் கொட்டகையை இரண்டாவது விடுதியாக எடுத்துக்கொண்டார். லைசென்ஸுக்கு அவரே மனுப் போட்டார். ஒரு மேஸ்திரி தானாக லைசென்ஸ் கேட்டு வந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகும் மாசிலாமணி வழக்குப் போடுவதை நிறுத்தவில்லை. நானும் எதிர்ப்பதை நிறுத்தவில்லை. ஒன்று மட்டும் மாறியது. ஆட்களை வெளியேற்றக் கேட்கும்போதெல்லாம் அவருடைய அறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: இவர்கள் போய்த் தங்குவதற்கு இன்ன இடம் பார்க்கப்பட்டிருக்கிறது என்று. சட்டம் அதைக் கேட்கவில்லை. அந்த வரியால் எனக்கு நல்ல வாதம் ஒன்று போயிற்று.

அவர் லீவு எடுத்ததாக எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவை. மனைவியோடு கியாக்தானுக்குப் போய் ஆற்றுக்கு நடுவிலிருக்கும் பகோடாக் கோவிலைப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கோர்ட் வராந்தாவில் கேட்டேன். படகுத்துறைப் பக்கத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை என்றார்.

கோடைக்காலத்தில் எங்கள் ஊரில் வாந்திபேதி வருவது புதிதில்லை. இந்த வருஷம் அது அவரையும் பிடித்தது. சனிக்கிழமை காலை ரவுண்டு போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிந்துவிட்டது. எந்த வீட்டில் தொற்றியது என்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் அவர்தான்.

அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். சவப்பெட்டிக்கு மரம் மரைக்காயர் கொடுத்திருந்தார். துறைமுக வேலைக்குப் போகாமல் கொஞ்சம் ஆட்கள் வந்து கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வரலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பாதிரியார் போய்க் கூப்பிட்டார். டோ செயின் கடையை மூடிவிட்டு வந்திருந்தாள். 'சயா' என்று அவரை மரியாதையாகக் கூப்பிடுவாள், அந்த ஒரு சொல்லையே சொல்லி அழுதாள். மாசிலாமணியின் மனைவி யாரையும் பார்க்காமல் நின்றார். அவரிடம் நான் போய், நான் இன்னார் என்று சொன்னேன். தெரியும் என்றார். "உங்களைப் பத்திச் சொல்வாங்க. வக்கீல் நல்லாக் கேட்டாருன்னு சொல்வாங்க" என்றார். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அங்கமுத்து மேஸ்திரி என் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். லத்தா வீட்டில் ஓர் ஆளுக்குக் காலையிலிருந்து வாந்தியும் பேதியும்.

"இப்ப யாருகிட்டச் சொல்றதுங்கய்யா?"

சுகாதார ஆபீசுக்குச் சொல்வதுதானே என்றேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரியவந்தது. இத்தனை வருஷமாக, அந்த வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் மேஸ்திரியே மாசிலாமணிக்கு ரகசியமாக ஆள் அனுப்புவாராம். அவர் கோட்டுப் போடாமல் வருவார், வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார், மருந்து தெளிப்பார். அப்படி வந்தபோது பார்த்த எதையும் வழக்கில் கொண்டுவந்ததில்லை. அதற்குத் தனியாக வேறொரு நாள் வருவார். ஒருவரையொருவர் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் இதை என்னிடம் சொல்லவே இல்லை.

புது இன்ஸ்பெக்டர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் மேஸ்திரி பயந்தார். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு அவரோடு கிளம்பினேன். ஒரு வண்டி பிடித்து லத்தாவுக்குப் போனோம். அந்த வீட்டின் மாடிப்படியின் அகலத்தைப் பற்றி நான் கோர்ட்டில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஏறியது அன்றுதான். நானும் மேஸ்திரியும் பக்கத்தில் பக்கத்தில் ஏற முடியவில்லை. நோயாளி இரண்டாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறையில் கிடந்தான். பெயர் கேட்டேன், காத்தான் என்றான். அவனை இரண்டு பேர் பிடித்து இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். இறங்கும் வழியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். மூடி இல்லை. உள்ளே ஒரு பழைய செருப்பு மிதந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து நானே சுகாதார ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். புது இன்ஸ்பெக்டர் வயசில் சின்னவர், என்னைக் கண்டதும் ஏதோ சண்டை என்று எழுந்து நின்றுவிட்டார். விஷயம் தெரிந்ததும் மருந்தோடு ஆட்களை அனுப்பினார். காத்தான் பிழைத்துக்கொண்டான். வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை.

வாய்தா போட்ட வழக்கு போன வாரம் மறுபடி வந்தது. அந்தத் தொட்டிக்கு மூடி இல்லை என்பதுதான் வழக்கே. பார்த்த சாட்சி இறந்துவிட்டார், புது இன்ஸ்பெக்டருக்கு நேரடியாக எதுவும் தெரியாது. ஒரு வக்கீலுக்கு இதைவிட நல்ல வழக்கு கிடைக்காது. ஆனாலும் மேஸ்திரியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடச் சொன்னேன். தொட்டியை நானே பார்த்துவிட்டேன். பார்த்தபிறகு அதற்கு மூடி இருந்தது என்று என்னால் பேச முடியாது.

மாசிலாமணியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த அசௌகரியம்தான். இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்காக வழக்கை ஏற்றுக்கொள்ளுமுன் போய் மாடி ஏறிப் பார்த்துவிடுகிறேன். கட்சிக்காரர்கள் சிலர் வேறு வக்கீல்களிடம் போய்விட்டார்கள். மற்றவர்கள், நான் வருகிறேன் என்று தெரிந்தால், முதல் நாளே மூடி வாங்கிப் போட்டுவிடுகிறார்கள்.